கழுத்து நின்றாகிவிட்டது, குழந்தை சீட்டைத் திருப்பலாமா?

கேள்வி கோவையிலிருந்து ஒரு தாய் கேட்டது. பையனுக்கு 14 மாதம், 10 கிலோ. பிறந்ததிலிருந்து காரின் பின் இருக்கையில், பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டில்தான் போகிறான். இப்போது கால் நீண்டு இருக்கையின் முதுகில் முட்டுகிறது. ஏற்றி உட்கார வைத்ததும் அழுகை. மாமியார், "கழுத்துதான் எப்பவோ நின்னாச்சே, இன்னும் எதுக்குப் பிள்ளையைச் சுவரைப் பார்க்க உட்கார வைக்கிறீங்க?" என்கிறார். சீட் வந்த பெட்டியிலும் 9 கிலோவிலிருந்து முன்பக்கம் திருப்பலாம் என்று போட்டிருக்கிறது. திருப்பிவிடலாமா?

வேண்டாம். உங்கள் சீட் எத்தனை கிலோ, எத்தனை சென்டிமீட்டர் வரை பின்பக்கம் பார்த்து வைக்க அனுமதிக்கிறதோ, அந்தக் கடைசிக் கோடு வரை அப்படியே இருக்கட்டும்.

நான் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் கார்களை மோதவிட்டுப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. என் மகள் நாலு வயது தாண்டும்வரை பின்பக்கம் பார்த்துத்தான் போனாள். இங்கே அதை யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை. ஊருக்கு வந்தபோது மட்டும், "ஏன், பிள்ளைக்கு ஏதாவது பிரச்சினையா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. கழுத்து நின்றுவிட்டது என்று நாம் சொல்வது தசையைப் பற்றி. மூன்று நான்கு மாதத்தில் தலையைத் தானே தூக்கிப் பிடிக்கிற பலம் வந்துவிடுகிறது. எலும்பு வேறு கதை. கழுத்து எலும்புகள் ஒவ்வொன்றும் பிறக்கும்போது முழு வளையமாக இருப்பதில்லை. இரண்டு மூன்று துண்டுகளாக, இடையில் குருத்தெலும்பு ஒட்டிக்கொண்டு இருக்கும். வளையத்தின் பின்பக்கத் துண்டுகள் இரண்டு, மூன்று வயதில் ஒன்றோடொன்று சேர்கின்றன. அவை முன்பக்கத் துண்டோடு சேர்ந்து எலும்பு முழுதாக மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஆகும். அதுவரை அந்த வளையம் இழுத்தால் நெகிழும். உள்ளே ஓடுகிற தண்டுவடம் அப்படி நெகிழாது. பச்சிளம் குழந்தையின் முதுகெலும்புத் தொடர் 5 சென்டிமீட்டர் வரை நீளக்கூடும், ஆனால் தண்டுவடம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இழுபட்டாலே அறுந்துவிடும் என்பது மருத்துவ நூல்களில் பல காலமாக இருக்கிற தகவல். வளர வளர இந்த வித்தியாசம் குறையும், ஆனால் 14 மாதத்தில் அல்ல.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்றால், உச்சிக்குழியைக் காட்டிச் சொல்லுங்கள். உச்சந்தலையில் எலும்பு சேராமல் மெத்தென்று துடிக்கிற அந்த இடம் மூட ஒன்றரை வயது வரை, சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும் என்று எந்தப் பாட்டிக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே மாதிரி சேராத இடங்கள் கழுத்துக்குள்ளும் இருக்கின்றன, அவை மூட இன்னும் பல வருஷம் ஆகும், வெளியே தெரியாது என்றால் போதும். பச்சைக் குழந்தையைத் தூக்கும்போது "தலைக்குக் கை கொடு, தலைக்குக் கை கொடு" என்று அவர்கள்தானே நம்மை விரட்டினார்கள்? பின்பக்கம் பார்த்த சீட் செய்வதும் அதே வேலைதான். தலைக்கும் முதுகுக்கும் சேர்த்துக் கை கொடுக்கிறது.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலோ நேருக்கு நேர் மோதுகிறது. முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடிப்பொழுதில் காருக்குள் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் சுமார் 16 கிலோவாக முன்னால் இழுக்கும். ஒரு வயதுக் குழந்தையின் தலை இரண்டு, இரண்டரை கிலோ. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. நமக்குத் தலை பதினைந்தில் ஒரு பங்குகூட வராது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தோளை வார் பிடித்துக்கொள்கிறது. தலையை யாரும் பிடிக்கவில்லை. ஆக 32-லிருந்து 40 கிலோ வரை இழுப்பு முழுவதும் அந்தக் கழுத்தில் விழுகிறது. இது குறைந்தபட்சக் கணக்கு. வார் தளர்வாக இருந்தால் இன்னும் மோசம்.

சோதனைக் கூடத்தில் குழந்தை அளவுப் பொம்மையை வைத்து மோதவிட்டு, அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது முதல் தடவை பார்க்கிறவர்கள் பேசாமல் ஆகிவிடுவார்கள். முன்பக்கம் பார்த்த பொம்மையின் கையும் காலும் கம்பி போல நேராக நீட்டிக்கொள்ளும், கழுத்து நீண்டு, முகவாய் மார்பில் இடிக்கும், அப்புறம்தான் தலை பின்னால் வந்து விழும். பின்பக்கம் பார்த்த பொம்மைக்கு அப்படி ஒரு நாடகமும் இல்லை. சீட்டின் கெட்டியான வெளி ஓட்டுக்குள் முதுகும் தலையும் ஒன்றாக அழுந்தும், முழங்கால் மார்புப் பக்கம் மடங்கும், ஓடு கொஞ்சம் சாய்ந்து திரும்ப நிமிரும். விசை குறையவில்லை, பரந்த முதுகு முழுவதும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறது.

இந்த யோசனை பிறந்த ஊர் இதுதான் என்பதால் ஒரு சிறு பெருமையும் உண்டு. இங்கே சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், அமெரிக்க ஜெமினி விண்வெளி வீரர்கள் விசையை முதுகில் வாங்கும்படி மல்லாந்து உட்கார்ந்திருந்த இருக்கைகளைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கும் இதையே செய்யலாமே என்று யோசித்தார். 1964-ல் வோல்வோ காரில் முதல் மாதிரியை வைத்துப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளாக இங்கே நாலு வயது வரை பின்பக்கம்தான் என்பது ஒரு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. பிளஸ் டெஸ்ட் என்று இங்கே தனியாக ஒரு சோதனை இருக்கிறது. குழந்தையின் கழுத்தில் விழும் விசையை அளந்து, ஒரு எல்லைக்குள் இருந்தால்தான் முத்திரை தருவார்கள். அந்த முத்திரை வாங்கியவை எல்லாம் பின்பக்கம் பார்த்த சீட்டுகள்தான்.

அப்படியானால் பெட்டியில் ஏன் 9 கிலோ என்று போட்டிருக்கிறது? அது பழைய விதி. ஐ.நா.வின் 44-ஆம் எண் விதிமுறை குழந்தை சீட்டுகளை எடையை வைத்துப் பிரித்தது. 9 கிலோவிலிருந்து முன்பக்கம் பார்த்து வைக்க அனுமதித்தது. கொழுகொழுவென்ற குழந்தைக்கு 9 கிலோ ஏழு எட்டு மாதத்திலேயே வந்துவிடும். ஏழு மாதக் கழுத்துக்கு அது எவ்வளவு அபத்தம் என்று உணர்ந்துதான், 2013-ல் வந்த 129-ஆம் விதிமுறை 15 மாதம் முடியும்வரை பின்பக்கம் கட்டாயம் என்றது. எடையை விட்டுவிட்டு உயரத்தைக் கணக்கில் எடுத்தது. 2024 செப்டம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 44 முத்திரை சீட்டுகளைப் புதிதாக விற்க முடியாது. நம் ஊரில் விற்கும் பல சீட்டுகளின் ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளில் இன்னும் அந்த 44தான் இருக்கும். ஆகவே, 9 கிலோவில் திருப்ப அனுமதி உண்டு. திருப்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை. 18 வயதில் கல்யாணத்துக்குச் சட்டம் இடம் தருகிறது என்பதற்காக, 18-வது பிறந்தநாள் அன்றே பெண்ணுக்குத் தாலி கட்ட வேண்டும் என்று ஆகாதல்லவா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இப்படித்தான் படிப்படியாக வந்தது. 2011-ல் இரண்டு வயது வரையாவது பின்பக்கம் என்றார்கள். 2018-ல் வயதையே எடுத்துவிட்டு, சீட்டின் எல்லை வரை என்று மாற்றினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "பின்பக்கம் பார்த்தால் 5 மடங்கு பாதுகாப்பு" என்று ஒரு வாக்கியம் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அது 2007-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது. பிற்பாடு அந்தத் தரவைத் திரும்ப ஆராய்ந்தபோது கணக்கில் கோளாறு இருந்தது தெரிந்தது, அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டு திசையிலும் சீட்டில் ஒழுங்காகக் கட்டியிருந்த குழந்தைகளில் காயம்பட்டவர்களே மிகக் குறைவு என்பதால், எத்தனை மடங்கு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இது பின்பக்கத்துக்கு எதிரான செய்தி இல்லை. உடம்பின் அமைப்பும் சோதனைக் கூட அளவுகளும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனால் அந்த 5 மடங்கை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். தவறான எண்ணை வைத்துச் சரியான காரியத்துக்கு வாதாடினால், எண் உடைகிற அன்று காரியமும் உடைந்துபோகும்.

இனி கால். எல்லாரும் கேட்பது இதைத்தான். "மோதினால் கால் ஒடிந்துவிடாதா?" நடைமுறையில் கால் காயம் அதிகம் வருவது முன்பக்கம் பார்த்த குழந்தைகளுக்கு, கால் வீசி எழும்பி முன் இருக்கையின் முதுகில் அடிக்கிறது. பின்பக்கம் பார்த்தவனுக்குக் கால் மடங்கியே இருப்பதால் வீசுவதற்கு இடமில்லை. வசதி என்று பார்த்தால், உங்கள் பையன் தரையில் எப்படி உட்காருகிறான் என்று கவனியுங்கள். சம்மணம் போட்டு, தவளை மாதிரி காலை மடக்கி, ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி. தூளியில் உருண்டையாகச் சுருண்டு இரண்டு மணி நேரம் தூங்கின பிள்ளைதானே? கால் தொங்காமல் ஒன்றில் ஊன்றியிருப்பது அவர்களுக்குச் சுகம். முன்பக்கம் திருப்பிய சீட்டில்தான் கால் அந்தரத்தில் தொங்கி மரத்துப்போகும்.

அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் திசை இல்லை. பின் கண்ணாடி வழியாக வெயில் நேராக முகத்தில் அடிக்கும், அதைப் பெரியவர்கள் உணர்வதே இல்லை. ஒரு வலைத்திரை போட்டுப் பாருங்கள். ஏ.சி. காற்று சீட்டின் ஓட்டுக்கு வெளியே சுற்றிப் போய்விடும், உள்ளே முதுகு வேர்த்து நனைந்திருக்கும். கையை விட்டுப் பாருங்கள், தெரியும். எங்களுக்கு நடந்தது இன்னொன்று: ஒரு மே மாதம் ஸ்ரீரங்கத்தில் வெயிலில் நிறுத்திய காரில் மகளை உட்கார வைத்ததும் வீறிட்டாள். முரண்டு பிடிக்கிறாள் என்று நினைத்து வலுக்கட்டாயமாகப் பூட்டினேன். இறக்கும்போது பார்த்தால், தொடையில் பக்கிளின் வடிவத்தில் சிவப்பாக ஒரு அச்சு. அன்றிலிருந்து காரை நிறுத்தினால் சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு போட்டு மூடிவிட்டுத்தான் இறங்குவது.

இன்னொன்று, சாய்வு. பச்சைக் குழந்தைக்கு 45 டிகிரி அளவுக்குச் சாய்த்து வைத்திருப்பீர்கள். 14 மாதப் பையனுக்கு அது மல்லாந்து கூரையைப் பார்ப்பது மாதிரி. சீட்டின் கையேடு அனுமதிக்கிற அளவுக்கு நிமிர்த்தி வையுங்கள். ஜன்னல் தெரியும், சுவரைப் பார்க்கிறான் என்ற புகாரும் போகும், முன் இருக்கைக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். இதையெல்லாம் செய்தும் அழுதால் அழட்டும் என்றுதான் சொல்வேன். ஊசி போடும்போதும் அழுகிறான், நிறுத்திவிடுகிறோமா?

"பின்னாலிருந்து லாரி இடித்தால்?" என்ற கேள்வியும் வரும். நியாயமான சந்தேகம். பின்னாலிருந்து இடிக்கும்போது இரண்டு வண்டியும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருக்கும். வேக வித்தியாசம் குறைவு. உயிரைக் குடிக்கிற மோதல்கள் பெரும்பாலும் முன்னாலும் பக்கவாட்டிலும் வருபவை. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பின் மோதலிலேயே இந்த சீட்டுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள், அதிலும் தலையையும் கழுத்தையும் நன்றாகவே காத்தன.

இந்தியாவில் எல்லாருக்கும் இது புதிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். கார் கம்பெனிகளுக்குத் தெரியும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் குழந்தைப் பாதுகாப்புக்கு நல்ல மதிப்பெண் வாங்கிய இந்தியக் கார்களின் அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றரை வயது, 3 வயது என்று இரண்டு பொம்மைகள் வைத்து மோதவிடுவார்கள். எந்த சீட், எந்தத் திசை என்று சொல்வது கார் கம்பெனிதான். பல கார்களில் 3 வயதுப் பொம்மையையும் பின்பக்கம் பார்த்தே வைத்திருப்பார்கள். மதிப்பெண் வேண்டும் என்றால் அவர்கள் தேர்வு செய்யும் திசை அது. சட்டம் இவ்வளவு தூரம் வரவில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது. எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இப்போது உங்கள் சீட்டுக்கு வருகிறேன். பிறப்பிலிருந்து 18 கிலோ வரை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கம் பார்த்து வைக்க 13 கிலோ வரைதான் என்று கையேட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் பல இந்த வகை. உங்கள் பையன் இப்போது 10 கிலோ. 13 வர இரண்டு, இரண்டரை வயது ஆகலாம். ஆக இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இந்த சீட்டே போதும். 13-ஐத் தாண்டிய பிறகு பின்பக்கம்தான் நல்லது என்று பிடிவாதமாக அதே சீட்டில் வைக்காதீர்கள். அது அந்த எடைக்குச் சோதிக்கப்பட்டதில்லை. பணம் இடம் கொடுத்தால் 18 கிலோ, 105 சென்டிமீட்டர் வரை பின்பக்கம் போகும் சீட் வாங்கலாம். நாலு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் 103 சென்டிமீட்டர்தான் என்பதால் அது நாலு வயது வரை வரும். இடம் கொடுக்கவில்லையா, 13 கிலோவில் முன்பக்கம் திருப்பி, வாரை இறுக்கிக் கட்டி, சீட்டின் உச்சியிலிருந்து காரில் மாட்டும் மேல் பட்டை இருந்தால் அதையும் மாட்டி ஓட்டுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். முன்பக்கம் பார்த்த சீட் மோசமான இடமில்லை, இரண்டாவது நல்ல இடம்.

மோசமான இடம் மடி. இதே 16 மடங்குக் கணக்கில் 10 கிலோ பிள்ளை 160 கிலோவாகக் கனப்பான். மூன்று சிமென்ட் மூட்டைக்கு மேல். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடிக்காது. அதிலும் முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்வது இப்போது முன்னைவிட ஆபத்து, ஏனென்றால் 2022-லிருந்து விற்கும் கார்களில் முன்னால் இரண்டு ஏர்பேக் கட்டாயம். அது விரிகிற வேகத்தில் எதிரே குழந்தை இருக்கக் கூடாது. இதே காரணத்தால்தான் பின்பக்கம் பார்த்த சீட்டை ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் வைக்கவே கூடாது. அழுகிறான் என்று பக்கத்தில் வைத்துக்கொள்ளத் தோன்றும்; வேண்டாம்.

திசையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், நான் பார்த்தவரை அதிகம் தவறு நடப்பது பொருத்துவதில். சீட்டின் ஓரத்தில் காரின் பெல்ட் போகும் பாதையில் நிறக் குறி இருக்கும். நீலம் பின்பக்கம் பார்ப்பதற்கு, சிவப்பு முன்பக்கம் பார்ப்பதற்கு. பின்பக்கம் பார்க்க வைத்துவிட்டு பெல்ட்டைச் சிவப்பு வழியாக விட்டிருப்பதைப் பல கார்களில் பார்த்திருக்கிறேன். மேலோட்டமாக இறுக்கமாகத்தான் தெரியும். சில சின்னக் கார்களில் நீலப் பாதைக்குப் பெல்ட்டின் நீளம் பத்தாது. திருச்சியில் ஒருமுறை வாடகைக் காரில் அரை மணி நேரம் மல்லுக்கட்டி, பெல்ட் நாலு விரல்கடை எட்டாமல், வேறு வண்டி வரவழைத்தோம். வாங்கும் முன்பே உங்கள் காரில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். பெல்ட் இல்லாமல் காரோடு நேராக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி உள்ள சீட்டானால் இந்தத் தொல்லை குறைவு.

பொருத்திய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்துப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. மேல் விளிம்பு கொஞ்சம் ஆடும், அதைப் பற்றிக் கவலை இல்லை. குழந்தையின் தோள் வார், பின்பக்கம் பார்க்கும்போது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். இறுக்கிய பின் காறை எலும்புக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு சிக்கினால் தளர்வு. வழுக்கிப் போனால் சரி. தலையின் உச்சி ஓட்டின் மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். பல சீட்டுகளில் ஒரு அங்குலம். கால் முட்டுவதை மறந்துவிடுங்கள். சீட் சின்னதாகிவிட்டதா என்பதைச் சொல்வது தலையும் எடையும்தான்.

மாமியாரை ஒருநாள் பின் இருக்கையில் பையன் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். அவன் முகம் அவருக்கு நேராகத் தெரியும், கதை சொல்லலாம், பிஸ்கட்டுக்குப் பதில் விரலை நீட்டலாம். ஓடுகிற காரில் கெட்டியாக எதையும் ஊட்ட வேண்டாம், புரையேறினால் கவனிக்கச் சில நொடி ஆகிவிடும். என் அம்மா அப்படி இரண்டு நாள் உட்கார்ந்து வந்தபிறகு சீட்டைத் திருப்பச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வாரைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "தொளதொளன்னு இருக்கே, இதுதான் கட்டுற லட்சணமா?" என்று என்னைத்தான் திட்டினார்.